முந்திரிக் கொட்டையின் பணம் எங்கே தங்குகிறது?

கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் வழியாக வடலூர் செல்லும் சாலையின் இருபுறமும் செம்மண் நிலத்தில் முந்திரித் தோப்புகள் நீண்டு கிடக்கின்றன. நீர் தேங்காத அந்த மண் நெல்லுக்கு ஏற்றதன்று. ஆனால் முந்திரிக்கும் பலாவுக்கும், இப்பகுதி மக்கள் மல்லாட்டை என்றழைக்கும் நிலக்கடலைக்கும் மிகவும் உகந்தது. அங்குள்ள கொட்டகை ஒன்றில், ஆவியில் வெந்து ஆறிய கொட்டையை ஒரு பெண் சிறு எந்திரத்தின் இரு கத்திகளுக்கிடையே வைத்துக் காலால் மிதிக்கிறார். ஓடு பிளக்கிறது, பருப்பை உடையாமல் நெம்பி எடுக்கிறார். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால் விரல்களில் ஏதேனும் பூசிக்கொள்ளாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. பின்னர் பருப்பைச் சூட்டறையில் உலர்த்தி, மேல்தோல் உரித்து, தரம் பிரிக்கிறார்கள். 320 என்ற தரத்துக்குப் பொருள், ஒரு பவுண்டு எடையில், அதாவது சுமார் 454 கிராமில், ஏறத்தாழ 320 முழுப் பருப்புகள் அடங்கும் என்பதே. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் அதிகம். உடைந்துவிட்டாலோ விலை சரிந்துவிடும். ஆகவே அந்தப் பெண்ணின் விரல் பதமே சரக்கின் மதிப்பைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

அரசு எடுக்கும் மாவட்ட வருமானக் கணக்கில் தோப்பில் விளைந்த கொட்டை மட்டுமே வேளாண்மையாகப் பதிவாகும். உடைத்து உரிப்பது உற்பத்தித் துறையிலும், லாரி வாடகையும் கடை வியாபாரமும் சேவைத் துறையிலும் சேர்ந்துவிடும். கடலூர் மாவட்டத்தின் வருமானத்தில் வேளாண்மையின் பங்கை அந்தக் கணக்கு காட்டும் விழுக்காட்டை மட்டும் வைத்து மதிப்பிடுவது தவறு என்று நான் உறுதியாகக் கருதுவது இதனால்தான். விளைச்சலால் வந்த பணம் அதன் பிறகு எத்தனை கை மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பொருளியலார் இதைப் பெருக்கி விளைவு என்பர். வெளியூர் வியாபாரி ஒருவர் பருப்பு வாங்கி 100 ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 ரூபாய் கூலியாகவும் மளிகையாகவும் உள்ளூரிலேயே செலவாகி, அதைப் பெற்றவரும் அதே விகிதத்தில் 36 ரூபாயை உள்ளூரில் செலவிட்டு, இப்படியே தொடர்ந்தால், மொத்தத்தில் 250 ரூபாய் அளவுக்கு உள்ளூர் வருமானம் உண்டாகும். ஒவ்வொரு சுற்றிலும் 30 விழுக்காடு மட்டுமே தங்கினால் அது ஏறத்தாழ 143 ரூபாயோடு நின்றுவிடும். வெளியிலிருந்து வந்த தொகை இரண்டிலும் ஒன்றுதான். உள்ளூரில் தங்காமல் வெளியேறும் பணம், அதாவது கசிவு, மட்டுமே வேறு.

கசிவு எவ்வளவு என்பதைப் பயிரின் இயல்பே பெரும்பாலும் முடிவு செய்கிறது. வெட்டிய கரும்பில் நேரம் செல்லச் செல்லச் சர்க்கரை சிதைந்து வேறு இனிப்புப் பொருள்களாக மாறிக் குறைகிறது. மேலும் 100 கிலோ கரும்பிலிருந்து ஏறக்குறைய 10 கிலோ சர்க்கரைதான் கிடைக்கும். மற்றதைத் தொலைதூரம் சுமப்பது வீண். ஆகவே ஆலை வயலுக்கு அருகில் இருந்தே தீர வேண்டும். 1842இலேயே இம்மாவட்டத்தின் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை அமைந்து, இன்றும் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பலாவின் நிலை நேர்மாறானது. முழுப் பழத்தில் சுளை மூன்றில் ஒரு பங்கு அளவே. இருந்தும் முள்ளும் சக்கையுமாக அது லாரி ஏறிப் போகிறது. சுளையைப் பிரித்து, வற்றலாகவோ மாவாகவோ மாற்றும் வேலை பண்ருட்டியில் நடந்தால் தங்கக்கூடிய கூலி, பழத்தோடு சேர்ந்து வெளியேறிவிடுகிறது. இந்த மாவட்டத்தில் மிக எளிதில் அடைக்கக்கூடிய கசிவு இதுவே என்பது என் எண்ணம்.

முந்திரி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. உலர்ந்த கொட்டை மாதக்கணக்கில் கெடாது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கொட்டையையும் பண்ருட்டிப் பகுதியில் உடைக்கிறார்கள். பழகிய கைகள் இங்கே இருப்பதால் கூலி இங்கே தங்குகிறது. ஆனால் ஒரு கிலோ பருப்புக்கு ஏறக்குறைய நான்கு கிலோ கொட்டை தேவை. அந்தக் கொட்டைக்கான விலை கடல் கடந்து போய்விடும். கொட்டையும் காடாம்புலியூர்த் தோப்பிலேயே விளைந்ததாயின், அந்தத் தொகையும் களை வெட்டியவருக்கும் பொறுக்கியவருக்கும் வண்டி ஓட்டியவருக்கும் உள்ளூரிலேயே பிரிந்து சேரும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது சாய்ந்தவை இத்தகைய தோப்புகளே. நெல் அழிந்தால் அடுத்த பட்டத்தில் மீண்டும் நடலாம். முந்திரியில் நல்ல ஒட்டுக்கன்று நட்டாலும் மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும். நிறைந்த விளைச்சலுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும். விதையிலிருந்து வளரும் பலாவோ ஏழெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அத்தனை ஆண்டுகளும் வருமானம் இழப்பவர் தோப்புக்காரர் மட்டுமல்லர். கொட்டை பொறுக்க வந்தவரும், அவர் வாரந்தோறும் கணக்கு வைத்து அரிசி வாங்கிய மளிகைக் கடைக்காரரும் சேர்ந்தே இழக்கிறார்கள்.