நானோ களிமண் வாங்கும் முன் ஒரு சிவப்புக் குவளை

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். போகிற ஆலைகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "நானோ களிமண் போட்டால் சாயம், கன உலோகம் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடுமாமே?" பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரியாமல் ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள்.

விற்க வருபவர் காட்டும் சோதனை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கண்ணாடிக் குவளையில் நீல நீர், அதில் ஒரு சிட்டிகை பொடி. கலக்கிவிட்டுச் சற்றுப் பொறுத்தால் நீலம் பொடியோடு அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நீலம் மெத்திலீன் நீலம், நேர்மின்னூட்டம் கொண்ட சாயம். பருத்தித் துணிக்குப் போடும், எதிர்மின்னூட்டம் கொண்ட ரியாக்டிவ் சிவப்புச் சாயத்தைக் கரைத்து அதே பொடியை அதே அளவு போடச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் கலக்கினாலும் பெரும்பாலும் சிவப்பு சிவப்பாகவே நிற்கும்.

காரணம் களிமண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்தப் பொடி பெரும்பாலும் பென்டோனைட் என்ற களிமண்ணிலிருந்து வருவது. அதன் முக்கியக் கனிமமான மாண்ட்மொரில்லோனைட், சீட்டுக்கட்டு போல அடுக்கிய தகடுகளால் ஆனது. ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிமன். தகட்டுக்குள் சில இடங்களில் அலுமினியத்துக்குப் பதிலாக மக்னீசியம் உட்கார்ந்திருப்பதால், தகடு நிரந்தரமாக எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். அதைச் சமன் செய்யத் தகடுகளுக்கு நடுவே சோடியம், கால்சியம் அயனிகள் தங்கியிருக்கும். ஈயமோ காட்மியமோ செம்போ வந்தால் இவை இடத்தைக் காலி செய்துவிடும். 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லிஈக்விவலன்ட் (அயனிகளை அவற்றின் மின்னூட்டக் கணக்கில் அளக்கும் அலகு) வரை இப்படி மாற்றிக்கொள்ள முடியும். கயோலினைட் என்ற இன்னொரு களிமண் கனிமத்தில் இது 3 முதல் 15 வரைதான். எனவே "களிமண்" என்று மட்டும் எழுதியிருக்கும் விலைப்பட்டியலை நம்பாதீர்கள்.

ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் குரோமேட்டாக, எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். களிமண் அதைத் தள்ளிவிடும். முதலில் அதை மூன்று இணைதிறனுக்கு இறக்க வேண்டும், இல்லையென்றால் குவாட்டர்னரி அமோனியம் என்ற நேர்மின்னூட்டக் கரிமச் சேர்மங்களை ஏற்றிய களிமண்ணான ஆர்கனோகிளே போட வேண்டும். ஆர்கனோகிளே எண்ணெயையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஏற்றிய சேர்மம் கழன்று வந்தால் பின்னால் உள்ள உயிரியல் தொட்டியின் நுண்ணுயிர்களுக்குக் கேடு. இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

கையேட்டில் போட்டிருக்கும் "கிராமுக்கு இத்தனை மில்லிகிராம்" என்ற எண் பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில், ஒரே ஒரு மாசைக் கரைத்து எடுத்தது. சாயப்பட்டறைக் கழிவில் உப்பு ஏராளம். சோடியம், கால்சியம் எல்லாம் அதே இடத்துக்குப் போட்டி போடும். பி.ஹெச். மிகவும் இறங்கி நீர் அமிலமானால் ஹைட்ரஜன் அயனியும் சேர்ந்துகொள்ளும். அதை ஏற்றினாலோ இன்னொரு வேடிக்கை: ஈயமும் செம்பும் ஹைட்ராக்சைடாகித் தாமாகவே படிந்துவிடும், பெயர் களிமண்ணுக்குப் போகும். அதனால் ஜார் டெஸ்ட் (குவளைகளில் வெவ்வேறு அளவு பொடி போட்டுக் கலக்கிப் பார்க்கும் சோதனை) செய்யும்போது பொடியே போடாத ஒரு குவளையையும் அதே பி.ஹெச்.சில் வைத்தாக வேண்டும்.

இனி ஸ்லட்ஜ், அதாவது மாசோடு அடியில் சேரும் சேறு. ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 50 மில்லிகிராம் உலோகம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 கிலோ உலோகம். கிராமுக்கு 100 மில்லிகிராம் பிடிக்கும் என்ற வாக்குறுதியை அப்படியே ஏற்றாலும் தினமும் 500 கிலோ களிமண் வேண்டும். பிழிந்தெடுத்த பிறகும் முக்கால் பங்கு ஈரமாகவே இருக்கும் என்றால் நாளுக்கு 2 டன்னுக்கு மேல் ஸ்லட்ஜ் சேரும். அதில் இருப்பது அதே ஈயம், அதே காட்மியம். அமிலத்தால் கழுவிக் களிமண்ணை மீட்கலாம்தான், ஆனால் உலோகம் அந்த அமிலத்தில் செறிவாக வந்து நிற்கும்.

பிரித்தெடுப்பதும் லேசில்லை. நன்றாகப் பிரிந்த தகடுகள் எளிதில் படியாது. பொடியைக் குழாயில் அடைத்தால் ஊறி உப்பி வழியை அடைத்துவிடும். அதனால்தான் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை) மணிகளுக்குள் பொதிவதும், காந்தத்தால் இழுக்க இரும்பு ஆக்சைடு சேர்ப்பதும். இரண்டும் விலையை ஏற்றும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு இடங்களில் நானே இதைப் பரிந்துரைக்கிறேன். வழக்கமான சுண்ணாம்புப் படிவுக்குப் பிறகு மிஞ்சும் சிறிதளவு ஈயம், காட்மியத்தைக் கடைசிக் கட்டத்தில் பிடிக்க ஒன்று. எண்ணெய்ப் பிசுக்குள்ள கழிவில் ஆக்டிவேட்டட் கார்பனுக்கு முன்னால் ஆர்கனோகிளே இன்னொன்று. கார்பனின் நுண்துளைகள் எண்ணெயால் அடைபடாமல் அது காக்கும். எந்த இடமானாலும் உங்கள் ஆலையின் கழிவுநீரிலேயே, ஓடும் நீரில், களிமண் நிறைந்து மாசு மறுபக்கம் கசியத் தொடங்கும் வரை சோதனையை ஓட்டச் சொல்லுங்கள். பயன்படுத்திய களிமண்ணிலிருந்து உலோகம் மீண்டும் கசிகிறதா என்ற சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.