மண்டூர்ப் பாதையும் ஒரு சின்ன ஸ்கிரிப்டும்

மண்டூரிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்தார்: "சேர், ஸ்கிரிப்டை எப்போதும் தனிக் கோப்பில்தான் எழுதவேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். ஆனால் கூகுளின் முகப்புப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தால் பக்கத்துக்குள்ளேயே நீளநீளமாக ஸ்கிரிப்ட் இருக்கிறது. எது சரி?"

நல்ல கேள்வி. (ஸ்கிரிப்ட் என்பது இணையப் பக்கத்தை இயங்கவைக்கும் சிறு நிரல்.) விடையும் அவருடைய ஊர்த் துறையடியிலேயே இருக்கிறது.

குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவில் மட்டக்களப்பு வாவி. கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் படகை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். அதில் ஒருவர் ஏறினாலும் இருபது பேர் ஏறினாலும் வாவியின் அகலம் ஒன்றுதான், கடக்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். அக்கரைக் கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தபின் புளியும் முடிந்துவிட்டது என்று தெரிந்தால், புளிக்காக இன்னொரு தரம் போய்வரத்தான் வேண்டும். முதலிலேயே இரண்டையும் பையில் போட்டிருந்தால் ஒரு பயணம் மிச்சம்.

பக்கத்துக்குள்ளேயே ஸ்கிரிப்டை எழுதுவது அந்தப் புளியை முதற் பயணத்திலேயே பையில் போடுவது.

இணையப் பக்கம் திறப்பதன் வழக்கமான படிகள் பலருக்கும் தெரியும். முகவரியை எண்ணாக மாற்றக் கேட்கவேண்டும், பக்கத்தை வைத்திருக்கும் கணினியான சேர்வருடன் இணைப்பு ஏற்படுத்தவேண்டும், மறைகுறியாக்கத்துக்குச் சாவி மாற்றிக்கொள்ளவேண்டும், அப்புறம்தான் "பக்கத்தைத் தா" என்று கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் பொதுவாக ஒரு போய்வரவு. பக்கம் வந்ததும் பிரவுசர் மேலிருந்து கீழாக வாசிக்கத் தொடங்கும். வழியில் "இந்த ஸ்கிரிப்ட் கோப்பை எடுத்து வா" என்ற வரி வந்தால் அங்கேயே நின்றுவிடும். ஏன் நிற்கவேண்டும்? அந்த ஸ்கிரிப்ட் ஓடும்போது, தான் நிற்கும் இடத்திலேயே பக்கத்துக்குள் புதிதாக எதையும் எழுதிவிடலாம். அதைப் பார்க்காமல் மீதியைக் கட்டினால் கட்டியது பிழைத்துப்போகும். காத்திருக்கும் நேரத்தில் கீழே வேறென்ன கோப்புகள் தேவை என்று பிரவுசர் எட்டிப்பார்த்து அவற்றுக்கும் ஆளனுப்பும், கெட்டிக்கார வேலைதான். ஆனால் திரையில் எழுத்து முன்னேறாது.

அந்த ஸ்கிரிப்ட் வேறொரு தளத்தில் இருந்தால் முகவரி, இணைப்பு, சாவி, கோரிக்கை என்று நான்கு போய்வரவு. ஒரு போய்வரவு 150 மில்லிசெக்கன் என்று வைத்தால் 600 மில்லிசெக்கன், அதுவும் ஒரேயொரு கோப்புக்கு. கொக்கட்டிச்சோலையில் நின்றுகொண்டு அம்மாவுக்காக ஓர் இணையப் படிவத்தைத் திறந்தேன். வெகுநேரம் வெள்ளைத் திரைதான். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஐந்து வெவ்வேறு தளங்களிலிருந்து ஸ்கிரிப்ட் கேட்டிருந்தது அந்தப் பக்கம். மொத்த எடை பெரிதல்ல, பயணங்கள்தான் அதிகம்.

பெரிய பக்கேஜ் போட்டால் இது தீராதா? தீராது. கண்ணாடியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர், போய்வர 27 மில்லிசெக்கன். அமெரிக்காவின் கிழக்குக் கரை 14,000 கிலோமீற்றருக்கும் அப்பால், போய்வர 140. கேபிள் நேர்கோட்டில் போகாது, நடுவில் ரவுட்டர்கள் இருக்கும், கடைசியில் டவரிலிருந்து கைப்பேசிக்கு வரும் துண்டு இருக்கும், ஆகவே உண்மையில் இன்னும் கூடும். எத்தனை ஜிபி வாங்கினாலும் ஒளியின் வேகம் கூடாது.

சரி, அப்படியானால் எல்லா ஸ்கிரிப்டையும் உள்ளே போட்டுவிடலாமே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது.

1986 ஒக்டோபரில் கலிபோர்னியாவில் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு திடீரென்று இறுகிப்போனது. இரண்டுக்கும் நடுவே 400 யார் தூரம்தான். செக்கனுக்கு 32,000 பிட் போன இடத்தில் 40 பிட் மட்டும் போனது. எல்லாரும் ஒரே நேரத்தில் அள்ளி அனுப்ப, பொதிகள் (தரவைத் துண்டாக்கி அனுப்பும் சிறு பொட்டலங்கள்) தொலைய, தொலைந்தவற்றை மறுபடி அனுப்ப, நெரிசல் இன்னும் கூடியது. அந்த ஆய்வுகூடத்தின் வேன் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட தீர்வு இன்றும் உங்கள் கைப்பேசி பேசும் ஒவ்வொரு சேர்வரிலும் ஏதோ ஒரு வடிவில் ஓடிக்கொண்டிருக்கிறது. வழியின் கொள்ளளவு எவ்வளவு என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே முதலில் கொஞ்சம் அனுப்பு. கிடைத்தது என்று பதில் வந்தால் இரட்டிப்பாக அனுப்பு. மறுபடி பதில் வந்தால் மறுபடி இரட்டிப்பு. பொதி தொலைந்தால் குறைத்துக்கொள். முன்பின் தெரியாத ஆற்றில் கம்பு விட்டு ஆழம் பார்த்து இறங்குவதுபோல. நடுவில் அதிகாரி யாரும் இல்லை, வழியின் வரைபடமும் இல்லை. இருந்தும் கோடிக்கணக்கான கருவிகள் ஒரே கம்பியை முட்டுப்படாமல் பகிர்ந்துகொள்கின்றன. இத்தனை வருடம் கழித்தும் இதை நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்த 'முதலில் கொஞ்சம்' எவ்வளவு? 2013இல் பரிந்துரைக்கப்பட்டு இன்று பரவலாக இருக்கும் அளவு 10 பொதி. ஒரு பொதியில் 1,460 பைட் கொள்ளும் என்றால் 14,600 பைட். அடுத்த சுற்றில் 20 பொதி, அதற்கடுத்து 40. உங்கள் பக்கம் 12,000 பைட் என்றால் முதற் சுற்றிலேயே முழுதாக வந்து சேரும். அதற்குள் 2,000 பைட் ஸ்கிரிப்டைச் செருகினால் 14,000, அப்போதும் ஒரே சுற்று. புளி இலவசமாக வந்துவிட்டது. ஆனால் 40,000 பைட் ஸ்கிரிப்டைத் திணித்தால் மொத்தம் 52,000. முதல் இரண்டு சுற்றில் 30 பொதி, அதாவது 43,800 பைட்தான் வரும், ஆகவே மூன்றாவது சுற்று தேவை. பக்கத்தின் தலைப்பகுதியிலேயே ஸ்கிரிப்டை வைத்திருந்தால், அது முழுதும் வந்து முடியும்வரை கீழே இருக்கும் எழுத்தெல்லாம் காத்துக்கிடக்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இணையப் பக்கங்களில் வழக்கமாகப் பயன்படும் யூ.டி.எஃப்.-8 என்ற எழுத்துமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'மட்டக்களப்பு' என்ற சொல்லில் புள்ளி, உகரக் குறி எல்லாம் சேர்த்து 12 குறியீடு, ஆக 36 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 10. நல்லவேளையாக எல்லாத் தமிழ்க் குறியீட்டிலும் முதற் பைட் ஒன்றேதான், இரண்டாவது இரண்டில் ஒன்று. இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கும் மென்பொருள் நன்றாக மடித்துவிடும். சேர்வரில் சுருக்கத்தை இயக்கவில்லை என்றால் தமிழ்ப் பக்கத்துக்குத்தான் நட்டம் அதிகம். ஸ்கிரிப்டைத் தொடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

தனிக் கோப்புக்கு ஆதரவான காரணம் சேமிப்பு. ஒருமுறை வந்த கோப்பைப் பிரவுசர் கைப்பேசியில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும் அடுத்த நாளுக்கும் பயன்படுத்தும், உள்ளே எழுதியதோ பக்கத்தோடு ஒவ்வொரு தடவையும் வரும். இதைச் சொல்லும்போது நம்மிடையே பரவியிருக்கும் ஒரு மூடநம்பிக்கையையும் சொல்லவேண்டும். 'கிளீனர்' செயலி போட்டு நாள்தோறும் சேமிப்பைத் துடைத்தால் போன் வேகமாகும் என்று நம்புகிறார்கள். இணையப் பக்கங்களைப் பொறுத்தவரை நேர்மாறு. வீட்டில் இருந்த உப்பையும் புளியையும் கொட்டிவிட்டு மறுபடி பாதை ஏறுகிறீர்கள், டேட்டாவும் போகிறது.

கேட்காமலே சேர்வர் கோப்பை அனுப்பிவிடும் வசதி ஒன்று பிரவுசரும் சேர்வரும் பேசிக்கொள்ளும் முறையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பான எச்.டி.டி.பி. 2இல் வந்தது. உங்களிடம் ஏற்கெனவே இருப்பது எது என்று சேர்வருக்குத் தெரியாததால் வீண் அனுப்பல் நடந்தது. 2022இல் குரோம் அதை எடுத்துவிட்டது.

உள்ளே எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஸ்கிரிப்டை மூடும் குறி உங்கள் நிரலின் மேற்கோளுக்குள் வந்தாலும் பிரவுசர் அங்கேயே மூடிவிடும். மேற்கோள் என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில் அதற்குத் தெரியாது. அடுத்தது பாதுகாப்பு. பல தளங்கள் உள்ளே எழுதிய ஸ்கிரிப்டை ஓடவிடாத கட்டுப்பாடு வைத்திருக்கும், யாராவது பின்னூட்டத்தில் நிரலைச் செருகிவிடக்கூடாது என்பதற்காக. அங்கே ஒவ்வொரு தடவையும் மாறும் இரகசியச் சொல்லொன்றைச் சேர்த்து அனுமதி பெறவேண்டும்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வாகரையிலிருந்து பொத்துவில் வரை ஊர் ஊராகப் போய், பொதுமக்கள் அன்றாடம் திறக்கும் பக்கங்கள் எத்தனை போய்வரவு எடுக்கின்றன என்று அளக்க, நான்கு பழைய கைப்பேசியும் சிம்மும் பெற்றோல் செலவும் போதும். இதற்குப் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பக்கம் செய்பவர் நகரத்து ஃபைபரில் சோதிக்கிறார், திறப்பவர் வயலோரத்தில் நிற்கிறார்.

மாணவி தன் பாடசாலைக்காகச் செய்த பக்கத்தையும் அனுப்பியிருந்தார். அதில் மெனுவைத் திறக்கும் ஸ்கிரிப்ட் நாற்பது வரி. அதை உள்ளேயே எழுதச் சொன்னேன். விளையாட்டுப் போட்டிப் படங்களை நகர்த்தும் ஸ்கிரிப்ட் பெரியது, அது தனிக் கோப்பிலேயே இருக்கட்டும், ஆனால் பக்கம் கட்டி முடிந்தபின் ஓடுமாறு 'டிஃபர்' என்ற சொல்லை அந்த வரியில் சேர்க்கவேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் துறையடியில் நின்று கைப்பேசியில் திறந்து நேரத்தைக் குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.