கண்குழியில் எந்தச் சுவர் உடைந்தது?

பாக்ஸிங் பழகும் பையன் ஒருவன் கண்ணில் குத்து வாங்குகிறான். வீக்கம் பெரிதாக இல்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி மூக்கைச் சிந்துகிறான்; அடுத்த நொடி இமை உப்பிக் கண்ணை மூடிவிடுகிறது. விரலால் தொட்டால் தோலுக்கடியில் நறநறக்கிறது. மூக்கு வழியே போக வேண்டிய காற்று கண்ணைச் சுற்றிப் புகுந்துவிட்டது; நடுவில் இருந்த எலும்பில் ஓட்டை விழுந்திருக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் இன்றும் கையுறை மாட்டுகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்: கண்ணில் அடிபட்டால் மூக்கைச் சிந்தக் கூடாது.

கண்குழி, ஏழு எலும்புகள் சேர்ந்து கட்டிய அறை. கூரைக்கு மேலே மூளை. தரைக்குக் கீழே கன்னத்து சைனஸ், அதாவது வெறும் காற்றறை. மூக்குப் பக்கத்துச் சுவருக்கு அப்பாலும் காற்றறைகள்தான். காதுப் பக்கத்துச் சுவர் மட்டும் நல்ல கெட்டி. மூக்குப் பக்கத்துச் சுவர் காகிதம்போல மெலிசு, அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆனால் அதன் பின்னால் குட்டிக் குட்டித் தடுப்புகள் முட்டுக்கொடுத்து நிற்பதால் ஓரளவு தாங்கும். தரைக்கு அந்த முட்டும் இல்லை.

1957-இல் ஸ்மித், ரீகன் என்ற இரு மருத்துவர்கள் இறந்த உடலின் கண்மேல் ஒரு பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள். விளிம்பு அப்படியே இருக்க, தரை மட்டும் உடைந்து கீழே இறங்கியது. ‘ப்ளோ அவுட்’ முறிவு என்ற பெயர் அவர்களால்தான் புழக்கத்துக்கு வந்தது. கண்ணும் கொழுப்பும் பின்னுக்கு நசுங்க, அந்த அழுத்தம் பலவீனமான இடத்தைப் பிய்த்துக்கொண்டு போகிறது என்றார்கள். விளிம்பில் விழும் அடியே எலும்பை நெளித்துத் தரையை உடைத்துவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. முஷ்டியும் டென்னிஸ் பந்தும் குழியின் வாயைவிடப் பெரியவை. அந்த அடியின் ஒரு பங்கை விளிம்பு வாங்கிக்கொள்ளும். ஸ்குவாஷ் பந்து மாதிரி சின்னது வந்தால் கண்ணுக்கே ஆபத்து.

இனி காகிதத்துக்கு வருவோம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறிக் கிண்டியில் இறங்கி அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சார்ட்டைப் படிக்கும் மெடிக்கல் கோடர், அடிபட்ட கண்ணைப் பார்ப்பதில்லை. டாக்டர் எழுதியதை மட்டும்தான் பார்க்கிறார். அதை ஐ.சி.டி.-10 கோடாக, அதாவது நோய்களுக்கும் காயங்களுக்கும் எண் கொடுக்கும் பட்டியலின் குறியீடாக மாற்ற வேண்டும். தரை என்றால் எஸ்02.3, வலது என்றால் எஸ்02.31, இடது என்றால் எஸ்02.32. பக்கத்தை எழுதாமல் விட்டால் எஸ்02.30. வெறுமனே ‘கண்குழி முறிவு’ என்று முடித்துவிட்டால் எஸ்02.85, எந்தச் சுவர் என்று சொல்லாத கோடு. இன்சூரன்ஸ் கிளெய்ம் திரும்பி வருவதும், கோடர் டாக்டருக்குக் குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்பிக் காத்திருப்பதும் இப்படிப்பட்ட சார்ட்டில்தான்.

மூக்குப் பக்கச் சுவருக்கு எஸ்02.83, காதுப் பக்கச் சுவருக்கு எஸ்02.84 என்று அமெரிக்கப் பதிப்பில் தனி இடம் கிடைத்ததே 2019 அக்டோபரில்தான். தரையும் மூக்குப் பக்கச் சுவரும் சேர்ந்து உடைந்தால் இரண்டு கோடும் போட வேண்டும்.

கூரைதான் சுவாரஸ்யம். அதன் கோடு எஸ்02.12, மற்ற சுவர்களோடு சேராமல், மண்டையோட்டு அடித்தள முறிவுகளின் குடும்பத்தில் உட்கார்ந்திருக்கிறது. காரணம் இருக்கிறது: கண்ணுக்குக் கூரையாக இருக்கும் அதே எலும்பின்மேல்தான் மூளையின் முன்பகுதி படுத்திருக்கிறது. உடற்கூறு படிக்காமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் தடுமாறுவார்.

கடைசியில் கோடின் ஏழாவது எழுத்து; சிகிச்சை எந்தக் கட்டத்தில் என்று சொல்வது அது. வலது தரை, மூடிய முறிவு (தோல் கிழியாதது), சிகிச்சை நடக்கிறது என்றால் எஸ்02.31எக்ஸ்ஏ. நடுவில் உள்ள எக்ஸ் வெறும் இடநிரப்பி. ஏழாவது எழுத்து ஏழாம் இடத்தில்தான் நிற்க வேண்டும். வலது கூரைக்கு எஸ்02.121ஏ, அங்கே ஆறு இடமும் நிரம்பிவிட்டதால் எக்ஸ் தேவையில்லை. ‘ஏ’ என்றால் முதல் விசிட் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வீக்கம் வடியட்டும் என்று பத்து நாள் கழித்து ஆபரேஷன் செய்தாலும் அது ‘ஏ’தான். குணமாகிவரும்போது பார்க்கும் விசிட்டுக்கு ‘டி’, பின்விளைவுக்கு ‘எஸ்’. திறந்த முறிவா மூடியதா என்று டாக்டர் எழுதாவிட்டால் மூடியதாகவே கொள்ள வேண்டும் என்பது விதி.

இந்தக் கோடுகளில் எதுவும் அவசரத்தைச் சொல்லாது. சிறுவர்களின் எலும்பு வளையும் தன்மையுள்ளது. தரை கதவுபோல் திறந்து மூடும்போது கண்ணைக் கீழே இழுக்கும் தசை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். வெளியே கண் வெள்ளையாக, ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும். பையன் வாந்தி எடுப்பான், நாடித்துடிப்பு குறையும், மேலே பார்க்க முடியாது. தலையில் அடி என்று நினைத்துக் கண்ணை விட்டுவிடுவதும் உண்டு. இது ஓரிரு நாளுக்குள் விடுவிக்க வேண்டிய தசை. இரட்டையாகத் தெரிகிறது என்று டாக்டர் எழுதினால்தான் கோடர் எச்53.2 சேர்க்க முடியும். கன்னமும் மேலுதடும் மரத்துப்போனதா என்பதையும் எழுத வேண்டும். தரை வழியே ஓடும் நரம்பின் கதை அது.

அடி எப்படி விழுந்தது என்பதற்கும் கோடு உண்டு. பாக்ஸிங் ஆடும்போது என்றால் ஒய்93.71, தெருச் சண்டையில் வெறுங்கையால் என்றால் ஒய்04.0. ஸ்டான்லி மாதிரி நம் அரசு மருத்துவமனைக் கேஷுவாலிட்டியில் இந்தக் கேள்விக்கு வேறு கனம். அடிதடி என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டு போலீசுக்குத் தகவல் போகும். இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவில் எலும்பு முறிவு கொடுங்காயம். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போனது மட்டும் என்றால் சாதாரணக் காயம். சாதாரண எக்ஸ்ரேயில் தரை முறிவு தெரியாமலே போகலாம். மெல்லிய துண்டுகளாக, நெடுக்கும் குறுக்குமாக வெட்டிக் காட்டும் சி.டி. வேண்டும். அதனால் சி.டி. அறிக்கை கைக்கு வரும்வரை காயச் சான்றிதழில் கருத்தை நிறுத்திவைப்பதே சரி. வந்தபின் எந்தப் பக்கம், எந்தச் சுவர், தசை மாட்டியிருக்கிறதா என்ற மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிடலாம்.