பிறர் எடுத்த போட்டோவைப் பார்த்து வரையலாமா? பதிப்புரிமைச் சட்டம் சொல்வது

இணையத்தில் கண்ட ஒரு போட்டோவைப் பார்த்து பென்சிலிலோ வாட்டர்கலரிலோ வரைகிறீர்கள். பயிற்சிக்காக வரைந்து வீட்டோடு வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை; சொந்த உபயோகத்துக்குப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அதே ஓவியத்தை இன்ஸ்டாகிராமில் போட்டாலோ, பிரின்ட் எடுத்து விற்றாலோ, அதே சட்டம் குறுக்கே வந்து நிற்கும். ஒரு போட்டோவை எந்த வடிவத்திலும் திரும்ப உருவாக்குவதும் மக்கள் பார்வைக்குக் கொண்டுபோவதும் அதன் உரிமையாளருக்கு மட்டுமே உரியவை என்கிறது 14ஆவது பிரிவு. போட்டோவில் © குறியோ பதிவு எண்ணோ இல்லை என்பதும் உதவாது. எடுத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை.

"முப்பது சதவீதம் மாற்றினால் போதும்" என்று ஓவியர்கள் நடுவே ஒரு நம்பிக்கை உலவுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு சதவீதக் கணக்கே கிடையாது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்தான் இன்றும் கைகொடுக்கிறது: கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்கு உண்டு, இரண்டையும் பார்க்கும் சாதாரண மனிதருக்கு ஒன்று மற்றதன் நகல் என்று தோன்றினால் அது மீறல்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு பாட்டியின் போட்டோ என்று வைத்துக்கொள்வோம். பாட்டியின் தொழிலும் கூடையும் சந்தையும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. ஆனால் பக்கவாட்டில் விழும் காலை வெயில் கன்னச் சுருக்கங்களில் மட்டும் படும்படி நின்ற இடம், கூடையின் பாதியை ஃபிரேமுக்கு வெளியே விட்ட முடிவு, அவர் தலை நிமிர்ந்த அந்த நொடி ஆகியவை போட்டோகிராபரின் படைப்பு. இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு சேலையின் நிறத்தை மட்டும் மாற்றினால் நகல்தான். இடவலமாகத் திருப்பினாலும் அதேதான். மூலப் படத்தின் மேல் கட்டங்கள் (கிரிட்) கிழித்தோ புரொஜெக்டர் வைத்தோ வரைந்த படம் மூலத்தின் மேல் கோட்டுக்குக் கோடு பொருந்தும். அதைவிட வலுவான சாட்சி எதிர்த்தரப்புக்குத் தேவையில்லை. நேரில் போய் ஸ்கெட்ச் எடுங்கள். முடியாவிட்டால் கூடையின் பின்னலை ஒரு படத்திலும் கை பிடிக்கும் விதத்தை இன்னொன்றிலும் தெரிந்துகொண்டு, நிற்கும் நிலையையும் ஒளியையும் நீங்களே அமையுங்கள்.

அனுமதியை யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பொதுவாக, எடுத்தவரிடம். ஆனால் 17ஆவது பிரிவு சில விலக்குகளை வைத்திருக்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாண போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். எனவே வாடிக்கையாளர் தன் கல்யாணப் படத்தைக் கொடுத்து வரையச் சொன்னால் அவர் சம்மதம் போதும். ஸ்டூடியோவோடு போட்ட ஒப்பந்தத்தில் உரிமை ஸ்டூடியோவுக்கே என்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நண்பர் காசு வாங்காமல் எடுத்த படம் என்றால் உரிமை நண்பருடையது. சினிமா காட்சியிலிருந்து எடுத்த ஸ்டில் தயாரிப்பாளருடையது.

இதே பிரிவு ஓவியருக்கும் பொருந்தும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கூலி வாங்கி ஒருவர் கேட்டபடி வரைந்த உருவப்படத்தின் பதிப்புரிமை, மாற்றி எழுதிக்கொள்ளாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போகும். பிறகு அதை நீங்கள் போஸ்டராக விற்க முடியாது. ஆர்டர் எடுக்கும்போதே, "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்" என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

பழைய படங்களுக்குக் காலக்கணக்கு உண்டு. 2012 ஜூன் 21 முதல் போட்டோவுக்கும் மற்ற கலைப் படைப்புகள் போலவே, படைத்தவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை. அதற்கு முன் படம் வெளியானதிலிருந்தே 60 ஆண்டுகள் எண்ணினார்கள். அந்தக் கணக்கில் ஏற்கெனவே காலாவதியானவை திரும்ப உயிர் பெறவில்லை.

பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையை வரையலாம், அந்த ஓவியத்தை வெளியிடலாம். மெரினாவின் உழைப்பாளர் சிலை முன் உட்கார்ந்து வரைய யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதே சிலையை வேறொருவர் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தால் கதை வேறு: சலுகை சிலைக்குத்தான், போட்டோவுக்கு அல்ல.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் போட்டோ, எந்த ஊடகத்தில் எத்தனை பிரதி, ஆன்லைனில் போடலாமா, தொகை எவ்வளவு, பெயர் எப்படிப் போட வேண்டும் என்பதெல்லாம் இருக்கட்டும். காலமும் எல்லையும் கட்டாயம் வேண்டும். அவற்றைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கு ஒரு பிரின்ட் அனுப்பினாலே தகராறு வரலாம். அனுமதியின் எல்லை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் அமெரிக்க வழக்கு உதாரணம். பாடகர் பிரின்ஸை போட்டோகிராபர் லின் கோல்ட்ஸ்மித் எடுத்த போட்டோவை 1984இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை ஒரே ஒரு முறை பயன்படுத்த 400 டாலருக்கு வாங்கியது. அதை வைத்து ஓவியர் ஆண்டி வார்ஹோல் உருவாக்கிய பட வரிசையிலிருந்து வேறொரு படம் 2016இல் இன்னொரு பத்திரிகை வெளியீட்டுக்குக் கொடுக்கப்பட்டது. அது "நியாயமான பயன்பாடு" (அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) என்று வாதிட்டார்கள்; ஆனால் அந்தப் பயன்பாட்டின் நோக்கமும் தன்மையும் என்ற அம்சம் கோல்ட்ஸ்மித்துக்கே சாதகமாக இருக்கிறது என்று 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவை விட நம் சட்டத்தில் இடம் இன்னும் குறுகல்: சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி என்று நோக்கங்களே வரையறுக்கப்பட்டிருக்கின்றன.

"நன்றி: கூகுள்" என்று போடுவது அனுமதி ஆகாது. கிரியேட்டிவ் காமன்ஸ் (உரிமையாளரே சில நிபந்தனைகளோடு முன்கூட்டி அனுமதி தந்த) படம் என்றால் உரிமக் குறிப்பில் உள்ள எழுத்துகளைப் பாருங்கள்: என்டி (ND) இருந்தால் மாற்றி வரைந்ததை வெளியிடக் கூடாது, என்சி (NC) இருந்தால் விற்பனைக்கு ஆகாது.

மீறினால் தடையுத்தரவும் நஷ்டஈடும் வரலாம். தெரிந்தே செய்தால் 63ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதபோது நீதிமன்றம் குறைக்கலாம். ஆன்லைனில் போட்டதற்குப் புகார் போனால், தளம் 36 மணி நேரத்துக்குள் தடுத்து, 21 நாள் வரை நிறுத்திவைக்கும். அதற்குள் புகார் கொடுத்தவர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் படத்தைத் திரும்பப் போடலாம். அந்த நாட்களில் உங்கள் கையில் இருக்க வேண்டியவை அனுமதிக் கடிதமும், தேதியோடு கூடிய ஸ்கெட்ச்சுகளும், நீங்களே எடுத்த மாதிரிப் படங்களும்.