கலிபோர்னியாவில் இறப்புச் சான்றிதழ் பெறுவது எப்படி: கவுண்டி அலுவலகத்தில் தேடுவதும் கேட்பதும்

ஃபிரிமாண்டில் மகன் வீட்டுக்கு வந்திருந்த தகப்பனார் உடல்நலம் குன்றி, ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையில் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிமாண்ட் அலமீடா கவுண்டியைச் சேர்ந்தது (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு). மருத்துவமனை இருப்பதோ சாண்டா கிளாரா கவுண்டியில். குடும்பத்தார் தாம் வாழும் ஊரை வைத்து அலமீடா கவுண்டிக்கு விண்ணப்பித்தால் அங்கே பதிவு கிடைக்காது. கலிபோர்னியச் சட்டப்படி, மரணம் உறுதிசெய்யப்பட்ட இடம் அல்லது உடல் கண்டெடுக்கப்பட்ட இடம் எந்த எல்லைக்குள் வருகிறதோ, அந்த உள்ளூர்ப் பதிவாளரிடம்தான் 8 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே இறந்தவர் எங்கே வசித்தார் என்பதைவிட, எங்கே உயிர் பிரிந்தது என்பதையே முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இந்த ஒரு குழப்பமே பல நாட்களை விழுங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான ஒரே இறப்புப் பதிவேடு கிடையாது. பதிவு மாநிலங்களின் பொறுப்பு. நடைமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தக் கட்டுரை 58 கவுண்டிகள் கொண்ட கலிபோர்னியாவைப் பற்றியது. டெக்சாஸிலோ நியூயார்க்கிலோ நேர்ந்த இறப்புக்கு இதே விதிகள் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

கவுண்டியைக் கண்டறிந்த பின்னும் இரண்டு கதவுகள் இருக்கின்றன. அண்மையில் நேர்ந்த இறப்பு என்றால் கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறை இறப்புச் சான்றிதழின் நகலை வழங்கும்; பல கவுண்டிகளில் நடப்பு ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் இந்தக் கணக்கில் வரும். அதற்கும் பழைய பதிவுகள் கவுண்டி ரெக்கார்டர், அதாவது ஆவணப் பதிவாளர், அலுவலகத்தில் இருக்கும். பெர்க்லி, லாங் பீச், பாசடீனா ஆகிய மூன்று நகரங்களுக்கும் சொந்தச் சுகாதாரத் துறைகள் இருப்பதால், அங்கு நேர்ந்த அண்மைய இறப்புகளுக்கு அந்தந்த நகரத்தையே அணுக வேண்டியிருக்கும். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையிடமும் கேட்கலாம் என்றாலும், கவுண்டியில் பொதுவாக விரைவில் கிடைத்துவிடும்.

இறந்த நாளோ இடமோ சரியாகத் தெரியாத பழைய பதிவைத் தேடுபவர்கள், கட்டணம் செலுத்தும் முன் பெயர்ப்பட்டியல்களைப் பார்ப்பது நல்லது. 1940 முதல் 1997 வரையிலான கலிபோர்னிய இறப்புப் பட்டியலை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயர், பிறந்த நாள், இறந்த நாள், இறந்த கவுண்டி ஆகியவற்றோடு பல பதிவுகளில் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயரும் அதில் இருக்கும். மாநில அளவிலான பதிவு 1905 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய இறப்புகளுக்குக் கவுண்டி ஏடுகளே வழி. சான் பிரான்சிஸ்கோவில் அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டது. 1906 ஏப்ரல் நிலநடுக்கத்திலும் தீயிலும் அந்நகரின் பழைய ஏடுகளில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. தேடியும் பதிவு கிடைக்கவில்லை என்றால், பதிவு இல்லை என்று ஒரு சான்று தருவார்கள். செலுத்திய கட்டணம் தேடிய வேலைக்காக எடுத்துக்கொள்ளப்படும், திரும்பி வராது.

நகல் இரண்டு வகைப்படும். ஒன்று உரிமையுள்ளோருக்கான நகல், மற்றொன்று தகவல் நகல். தகவல் நகலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அடையாளத்தை நிறுவ அது செல்லாது என்ற வாசகம் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். வம்சாவளி தேடுபவருக்கு அது போதும். வங்கி, காப்பீடு, சொத்து போன்றவற்றுக்கு உரிமையுள்ளோருக்கான நகல்தான் வேண்டும். இறந்தவரின் கணவர் அல்லது மனைவி, பதிவு செய்த வாழ்க்கைத் துணை, பெற்றோர், சட்டப்படியான காப்பாளர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரும், இறந்தவரின் சொத்து விவகாரத்தைக் கவனிக்கும் வழக்கறிஞர், இறுதிச்சடங்கு நிறுவனத்தார், நீதிமன்ற ஆணை பெற்றவர் போன்றோரும் அதைக் கேட்கலாம். நம் குடும்பங்களில் இத்தகைய அலைச்சலை மருமகனோ மருமகளோ ஏற்றுக்கொள்வது வழக்கம். ஆனால் மருமகன், மருமகள் என்ற உறவு மட்டும் அந்த உரிமையைத் தந்துவிடாது. விண்ணப்பத்தில் மகனோ மகளோ கையெழுத்திடுவதே பாதுகாப்பானது.

உரிமையுள்ளோருக்கான நகலைக் கேட்பவர், தமக்கு அந்த உரிமை உண்டு என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பொய்யாக உறுதி கூறுவது தண்டனைக்குரிய குற்றம். நேரில் சென்றால் அலுவலர் முன்னிலையிலேயே கையெழுத்திடலாம். அஞ்சலில் அனுப்புவதானால் நோட்டரி சான்று சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் விண்ணப்பம் திரும்பிவிடும். ஒரே நேரத்தில் பல நகல்கள் கேட்டாலும் நோட்டரி சான்று பெற்ற ஓர் உறுதிமொழி போதும். கட்டணம் நகல் ஒவ்வொன்றுக்கும் தனி. அது அவ்வப்போது மாறுவதால் அந்தக் கவுண்டியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வங்கி, காப்பீட்டு நிறுவனம், ஊரில் உள்ள சொத்து என ஒவ்வோர் இடத்திலும் ஒளிநகலை ஏற்காமல் அலுவலகம் தந்த நகலையே கேட்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்து நகல்களின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

இறந்தவரின் பெயர் எப்படிப் பதிவாகிறது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் தமிழர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். சுப்பையா என்பவரின் தகப்பனார் முத்தையா என்று கொள்வோம். ஊரில் நிலப்பத்திரத்தில் 'மு. சுப்பையா' என்றும், பாஸ்போர்ட்டில் முத்தையாவைக் குடும்பப்பெயராக வைத்து 'சுப்பையா முத்தையா' என்றும் இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப்பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து வந்து உட்கார்ந்திருக்கும். கலிபோர்னியச் சான்றிதழில், வேறு பெயர்களாலும் அறியப்பட்டவர் என்று குறிப்பிட ஒரு கட்டம் உண்டு. முதன்மைப் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியும், பத்திரத்தில் உள்ள பெயரை இந்தக் கட்டத்திலும் எழுதச் சொன்னால், இருவரும் ஒருவரே என்று பின்னாளில் தாசில்தார் அலுவலகத்தில் விளக்குவது எளிதாகும். தாயாரின் பிறப்புக் குடும்பப்பெயர் என்றொரு கட்டமும் உண்டு. நம் பாட்டிமார் பலருக்குக் குடும்பப்பெயர் என்பதே இருந்ததில்லை. அவசரத்தில் எதையாவது நிரப்பிவிடாமல், மற்ற ஆவணங்களோடு முரண்படாத ஒன்றையே எழுத வேண்டும். இந்த விவரங்களைக் குடும்பத்தாரிடம் கேட்டு நிரப்புவது இறுதிச்சடங்கு நிறுவனம்தான். பதிவுக்கு அனுப்பும் முன் வரைவை வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

பதிவான பிறகு பிழை கண்டால், பெயர், பிறந்த நாள் போன்றவற்றுக்கு வி.எஸ். 24 என்ற படிவத்தில், உண்மை அறிந்த இருவர் கையெழுத்திட்டு திருத்தம் கோரலாம். இறப்புக் காரணத்தில் திருத்தம் வேண்டுமானால் மருத்துவரோ, ஐயத்துக்குரிய இறப்புகளை விசாரிக்கும் அதிகாரியான கொரோனரோதான் வி.எஸ். 24ஏ படிவத்தைத் தாக்கல் செய்ய முடியும். கொரோனர் விசாரணையில் இருக்கும் இறப்புகளுக்குக் காரணம் நிலுவையில் என்ற குறிப்போடு சான்றிதழ் வரும். சில காப்பீட்டு நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை. ஆகவே முதலில் ஓரிரு நகல்கள் மட்டும் வாங்கி, காரணம் பதிவான பின் மீதியை வாங்குவது நல்லது.

இந்தியாவில் பட்டா மாற்றத்துக்கோ வாரிசுச் சான்றிதழுக்கோ இந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டியிருந்தால், ஆவணத்தில் உள்ள கையெழுத்தை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்காக உறுதிப்படுத்தும் அப்போஸ்டில் முத்திரை தேவைப்படும். கலிபோர்னிய மாநிலச் செயலர் அலுவலகம் அதை வழங்குகிறது. அஞ்சலில் ஓர் ஆவணத்துக்கு 20 டாலர். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கவுண்டி கிளார்க், ரெக்கார்டர் அல்லது மாநிலப் பதிவாளர் கையெழுத்திட்ட நகலை அவர்கள் நேரடியாக ஏற்பார்கள். சுகாதார அதிகாரி கையெழுத்திட்ட நகலென்றால், பொதுவாக அந்தக் கையெழுத்தைக் கவுண்டி கிளார்க் முதலில் உறுதிப்படுத்தித் தர வேண்டும். அண்மைய இறப்புக்கான நகல் சுகாதாரத் துறையிலிருந்தே வருவதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தக் கூடுதல் படி நேரும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அடியில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே சாக்ரமென்டோவில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். இறந்தவர் இந்தியக் குடிமகனாக இருந்தால், இந்தியத் துணைத் தூதரகத்தில் இறப்பைப் பதிவு செய்யவும் அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்யவும் இதே சான்றிதழ் வேண்டும். அதற்கும் ஒரு நகலை ஒதுக்கி வையுங்கள்.