பச்சைத் தோலும் பத்தாயிரம் ரூபாயும்: வரி பேப்பர் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு ஆடிட்டர் சொல்வது

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வேலூர் ஆபீசுக்கு சி.ஏ. படிக்கும் பிள்ளைகள் சந்தேகம் கேட்க வருவார்கள். காட்பாடியிலிருந்து இரண்டு பேர், குடியாத்தத்திலிருந்து ஒருவர், ஆம்பூர் பஸ்ஸில் வந்து இறங்கும் அக்கா தங்கை. புதிதாக யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"பேரணாம்பட்டில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) வைத்திருப்பவர் ஒருவர் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 60,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்துப் பச்சைத் தோல் வாங்கினார். வரிக் கணக்கில் அந்தச் செலவு வருமானத்திலிருந்து கழியுமா?"

நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "நாற்பது ஏ மூணு சார். பத்தாயிரத்துக்கு மேல கேஷ். டிஸ்அலோ."

ஒரே நாளில் ஒரே ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கழியாது என்கிறது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(3) பிரிவு. அந்தச் சட்டப்படி பிரிவு சரி, தொகையும் சரி. ஆனால் அந்தச் சட்டத்துக்கான விதிகளில் 6டிடி என்று ஒன்று இருக்கிறது. ரொக்கம் கொடுத்தாலும் செலவு கழியக்கூடிய இடங்களை அது வரிசையாகச் சொல்கிறது. அதில் கால்நடை வளர்ப்பில் கிடைக்கும் பொருள்கள் வருகின்றன. இறைச்சியோடு சேர்த்துத் தோலையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். நம் வடாற்காட்டுக்காகவே எழுதியதோ என்று தோன்றும். உடனே "அப்போ அலோ சார்" என்று பிள்ளைகள் மாற்றிச் சொல்வார்கள். அதுவும் அவசரம்தான். விலக்கு கிடைப்பது அந்தப் பொருளை உற்பத்தி செய்தவருக்கே பணம் போனால் மட்டும். பல ஊர்த் தோலை வாங்கிக் குவித்து விற்கும் மண்டிக்காரருக்குக் கொடுத்தால் விலக்கு இல்லை, 60,000-மும் கழியாது. ஆகவே பதில் சொல்லும் முன் "யாருக்கு சார் கொடுத்தாரு?" என்று என்னைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அப்படிக் கேட்டவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம்.

வரி பேப்பரில் மார்க் போவது பெரும்பாலும் இங்கேதான். படிக்காததால் போவது குறைவு. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, அந்த எண் யாருக்கு, எங்கே, எந்தத் தேதியில் பொருந்தும் என்ற சொற்களைத் தாண்டிப் போவதால் போவது அதிகம்.

இன்னொரு உதாரணம், பாலாற்றுக்கு அக்கரையில் இருக்கும் விவசாய நிலம். கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி (சொத்து விற்ற லாபத்துக்கான வரி) கிடையாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். எது கிராமப்புறம்? நகர உள்ளாட்சியின் எல்லையிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது. உள்ளாட்சியின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் என்றால் 8. வேலூர் மாநகராட்சிக்கு 6. சரி, ஒரு நிலம் மாநகராட்சி எல்லையிலிருந்து பாலம் சுற்றிப் போனால் 7.5 கிலோமீட்டர், ஆற்றைக் குறுக்கே நேர்கோட்டில் அளந்தால் 5. எதை எடுப்பது? முன்பு இதில் வழக்குகள் நடந்தன. 2013-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், வான்வழி நேர்கோட்டுத் தூரம் என்று எழுதி முடித்துவிட்டது. ஆக அந்த நிலம் வரிக்குள் வந்துவிடும். பாலாற்றில் தண்ணீர் ஓடாததால் நடந்தே கடக்கலாமே என்று ஒரு பையன் கேட்டான். சிரித்தோம். சட்டத்துக்கு ஆற்றில் தண்ணீர் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. ஆனால் அந்தக் கேள்வி கேட்டவனுக்கு இந்த விதி இனி மறக்காது.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். இதில் நானே அடிபட்டவன். சி.ஏ. இரண்டாம் கட்டத் தேர்வான இன்டருக்கு ஐபிசிசி என்று பெயர் இருந்த காலத்தில் முதல் முறை எழுதியபோது வரி பேப்பரில் எனக்கு 36. பேப்பருக்கு 40 வேண்டும், சில பேப்பர்கள் சேர்ந்த குரூப்புக்கு மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். 36-ஐ வைத்து என்ன செய்வது! சீனியர் அண்ணன் ஒருவர் கொடுத்த நோட்டை வரிவிடாமல் ஒப்பித்திருந்தேன். நோட்டில் குறை சொல்ல முடியாது, அவர் எழுதிய வருடத்துக்கு அது சரி. நான் ஒப்பித்த சேவை வரியும், பெட்ரோல், மது போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு இருந்த வாட் எனும் விற்பனை வரியும் 2017 ஜூன் 30 நள்ளிரவோடு ஜிஎஸ்டிக்கு வழிவிட்டுப் போயே போய்விட்டன. ரொக்க வரம்பு அன்று 20,000, இன்று 10,000.

இன்றைக்கும் அண்ணன் நோட்டு, அக்கா நோட்டு என்று வருகிறார்கள். ஒன்றைப் புரட்டினேன். நீண்ட காலம் வைத்திருந்த மனையை விற்றால் இண்டெக்சேஷன் (விலைவாசிக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டும் கணக்கு) போட்டு லாபத்தில் 20 சதவீதம் வரி என்று இருந்தது. 2024 ஜூலை 23 முதல் அது 12.5 சதவீதம், இண்டெக்சேஷன் கிடையாது. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலமோ கட்டடமோ என்றால், விற்பவர் இந்தியாவில் குடியிருப்பவராகக் கருதப்படும் தனிநபர் அல்லது இந்துக் கூட்டுக் குடும்பம் என்றால், பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அந்த வரி. இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை நிபந்தனை என்று எண்ணிப் பாருங்கள். பேப்பர் தயாரிப்பவர் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி வைக்கலாம்: வாங்கிய தேதி, விற்ற தேதி, விற்பது கம்பெனியா, நிலமா நகையா.

பி.காம் முடித்து நேரடியாக இன்டருக்குப் பதிந்து, ஆடிட்டர் ஆபீசில் வேலையும் பார்க்கிறவர்களுக்குச் சிக்கல் வேறு. அவர்கள் கையில் இருப்பது இன்றைய சட்டம். தேர்வு கேட்பதோ, பொதுவாகத் தேர்வுக்கு ஆறு மாதத்துக்கு முன்பு வரை வந்த அறிவிப்புகளை. நேற்று வரித்துறை இணையதளத்தில் பார்த்த மாற்றத்தை இன்று விடையில் எழுதினால் அது தவறாகிவிடலாம். இப்போது கூடுதலாக ஒன்று: 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம். சம்பாதித்த முந்தைய ஆண்டு, அதற்கு வரி கணக்கிடும் மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் குழப்பம் போய், வரி ஆண்டு என்று ஒன்றே. பிரிவு எண்கள் மாறுகின்றன. 2025-26 வரை சம்பாதித்த வருமானத்துக்குப் பழைய சட்டம்தான். உங்கள் தேர்வுக்கு எது பொருந்தும் என்று தேர்வு நடத்தும் சி.ஏ. இன்ஸ்டிட்யூட் வெளியிடும் அறிவிப்பை அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டிவிட்டுப் பிறகு புத்தகத்தைத் திறங்கள்.

ஜிஎஸ்டியிலும் தேதிதான் விளையாடும். பிறருடைய தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கும் ஜாப் ஒர்க்குக்கு 2022 ஜூலை 18-இல் வரி 5 சதவீதத்திலிருந்து 12 ஆனது. 2025 செப்டம்பர் 22-இல் மறுபடி 5. ராணிப்பேட்டையில் ஒருவர் செப்டம்பர் 18-ஆம் தேதி வேலையை முடித்துக் கொடுக்கிறார், 24-இல் பில் போடுகிறார், 30-இல் பணம் வருகிறது. 12-ஆ, 5-ஆ? சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டத்தின் 14-ஆவது பிரிவைப் படித்தால் மூன்று தேதிகள் கிடைக்கும்: வேலை முடிந்தது, பில் போட்டது, பணம் வந்தது. மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்த விகிதம். இங்கே 5. அதே பில்லை 20-ஆம் தேதியே போட்டிருந்தால் 12. அந்த வாரம் எங்கள் ஆபீஸ் போன் ஓயவே இல்லை.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூட "12 லட்சம் வரைக்கும் டாக்ஸ் இல்லப்பா" என்கிறார். 2025-26-க்குப் புதிய வரி முறையில் அது உண்மைதான், ஆனால் எல்லா வருமானத்துக்கும் இல்லை. மற்ற வருமானம் 10 லட்சம், பங்குச் சந்தையில் குறுகிய கால லாபம் 2 லட்சம் என்று வையுங்கள். 10 லட்சத்துக்கு வரும் 40,000 வரி தள்ளுபடியில் போய்விடும். 2 லட்சத்துக்கு 20 சதவீதம், 40,000, அதற்குத் தள்ளுபடி கிடையாது. அந்த வரியின் மேல் செஸ் எனும் கூடுதல் வரி 4 சதவீதத்தோடு 41,600 கட்ட வேண்டும். மாணவர்கள் மட்டுமல்ல, ரிட்டர்ன் போட வருகிற வாத்தியார்களும் இதில் திகைக்கிறார்கள்.

படிக்கும் முறை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் "மட்டும்", "தவிர", "மிகாமல்" போன்ற சொற்களை வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் நம் ஊர் ஆள் ஒருவரை நிறுத்துங்கள். லாரி வைத்திருக்கும் மாமா, லுங்கி வியாபாரம் செய்யும் பெரியப்பா, யாராக இருந்தாலும் சரி. விடையில் முடிவை மட்டும் எழுதாமல், எந்த நிபந்தனை பொருந்தியது என்று ஒரு வரி எழுதுங்கள். கணக்குத் தவறினாலும் அந்த வரிக்கு மார்க் விழும். இன்டரில் 30 மார்க் கொள்குறி வினாக்களுக்கு மைனஸ் கிடையாது, எதையும் காலியாக விடாதீர்கள்.

சக ஆடிட்டர்களுக்கும் ஒரு வார்த்தை. செப்டம்பர் தேர்வும் செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கெடுவும் ஒரே மாதத்தில் வந்து நிற்கின்றன. தேர்வெழுதும் பிள்ளையை அந்த மாதம் "ஒரு ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போம்மா" என்று கூப்பிடாதீர்கள். எங்கள் ஆபீசில் இந்த முறை இரண்டு பேர் எழுதுகிறார்கள். டாலி எனும் கணக்கு மென்பொருளில் அவர்கள் போடும் என்ட்ரியை நான்தான் போடப்போகிறேன். என் டைப்பிங் வேகம் எல்லோருக்கும் தெரியும் என்பதால், ஆகஸ்டிலேயே பில்களைக் கொடுத்துவிடச் சொல்லி வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப் அனுப்பிவிட்டேன்.