வெல்டிங் ஏன் இழுக்கிறது?

ஓசூர் சிப்காட் பக்கத்தில் ஒரு பட்டறை. இரும்புச் சட்டத்துக்கான ஆங்கிள்களை டேக் அடித்து (ஆங்காங்கே பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து) நிறுத்தியிருந்த மேஸ்திரி, ஒரு முனைக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகினார். மூலைமட்டம் வைத்தால் கோணல்தான். "இழுக்கும் தம்பி. இப்போது கோணலாக இருந்தால்தான் ஆறியதும் நேராக வரும்" என்றார்.

கணினியில் வெல்டிங்கைச் செய்துபார்ப்பவர்கள் கணக்கிடுவதும் இந்த இழுப்பைத்தான்.

ஒரு மீட்டர் எஃகுக் கம்பியின் வெப்பநிலையை 100 டிகிரி செல்சியஸ் உயர்த்தினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். இரு முனைகளையும் அசையவிடாமல் பிடித்துக்கொண்டாலோ, உள்ளே சுமார் 240 மெகாபாஸ்கல் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் 240 நியூட்டன் விசை, ஏறிவிடும். சாதாரணக் கட்டுமான எஃகு ஏறக்குறைய 250-இல் நிரந்தரமாக நசுங்கத் தொடங்கிவிடும். நூறு டிகிரிக்கே இந்தப் பாடு. வெல்டிங்கில் இரும்பு உருகுவது 1,500 டிகிரி வாக்கில்! இங்கே பிடிக்கும் கை, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு. சூடான பகுதி விரிய இடமில்லாமல் நசுங்குகிறது; ஆறும்போது குட்டையாகி, அண்டையில் இருப்பதையெல்லாம் இழுக்கிறது. அசைய இடமிருந்தால் தகடு வளையும். இல்லாவிட்டால் இழுப்பு உள்ளேயே தகைவாகத் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத இதுதான் பொல்லாதது. பின்னாளில் விரிசல் வளர இதுவே துணைபோகும்.

கணினி அந்தத் தகட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. பற்றுக்கு, அதாவது பற்றவைத்த இணைப்புக்கு, அருகே பொடிக் கட்டங்கள், தள்ளிப்போனால் பெரியவை. நகரும் தீப்பொறிக்குப் பதிலாக, முன்புறம் குட்டையும் பின்புறம் நீளமுமான முட்டை வடிவ வெப்பமூலம் ஒன்று ஓடும். 1984-இல் கனடாவின் ஜான் கோல்டாக் குழு வெளியிட்ட வடிவம் அது. ஒவ்வொரு கணத்துக்கும் முதலில் வெப்பம், பிறகு அந்த வெப்பத்தால் வரும் தகைவு. சூடேற ஏற எஃகு தளர்வதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பெரிய சட்டத்துக்கு இப்படிச் செய்தால் நாள்கணக்கில் ஓடும். அதனால் ஒரு சிறு இணைப்பை மட்டும் நுணுக்கமாகக் கணக்கிட்டு, அதில் கிடைத்த சுருக்கத்தைப் பெரிய சட்டத்தின் பற்றுகளில் ஏற்றிவிடுகிறார்கள். பத்துப் பற்றுகளை எந்த வரிசையில் போடுவது என்பதற்கே 36,28,800 வழிகள் உண்டு. இந்தக் குறுக்குவழி இல்லாமல் அவற்றில் சிலவற்றைக்கூட ஒப்பிட்டுப்பார்க்க முடியாது.

வேலை முடியும்வரை சட்டத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைக் கழற்றுவதையும் ஒரு படியாகச் சேர்க்க மறந்துவிடக் கூடாது. அதுவரை திரையில் சட்டம் நேராகத்தான் நிற்கும்.